இல்லமும் இளங்குழந்தையின் உடல்நலமும்

நோயுற்ற குழந்தையொன்று மருத்துவமனையிற் சேர்க்கப்படுகின்றது. சில நாள்களில் வயிற்றோட்டம் நின்று, காய்ச்சல் தணிந்து, முகந் தெளிந்து வீடு திரும்புகின்றது. இரண்டு திங்கள் கழிவதற்குள் அதே குழந்தை அதே நோயோடு மீண்டும் அங்கு வந்து சேருகின்றது. மருந்து பயனற்றதென்று கூறுதற்கில்லை. அது தன் கடமையைச் செய்தே முடித்தது. ஆயின் குழந்தை திரும்பிச் சென்ற வீடு முன்னிருந்தவாறே இருந்தது. நோயைக் கண்டறிந்தாற் போதாது, அதன் மூலகாரணத்தையும் ஆராய்தல் வேண்டுமென்பது திருக்குறளின் மருந்ததிகாரம் வகுத்த முறையாகும். இளங்குழந்தைகளைப் பொறுத்தவரை அம்மூலம் பெரும்பாலும் வீட்டினுள்ளேயே உளது.

குழந்தை தவழுந் தரை, தாய் சமைக்கும் அடுப்பு, குடும்பம் பருகும் நீர், அனைவரும் படுக்கும் அறை, பானையிலுள்ள சோறு என்னும் ஐந்தும் குழந்தையின் உடலை ஆக்கவும் அழிக்கவும் வல்லன. இவ்வைந்தினுள் ஒன்றைத் திருத்தினால் ஏனையவற்றாலாகுந் தீங்கு நீங்குமா என்பது எளிய வினாவன்று. இவ்வினாவுக்கு விடை காணும் பொருட்டு ஏறத்தாழ நூறாண்டுகளாகப் பல நாடுகளில் ஆராய்ச்சிகள் நடந்துள்ளன. அவற்றின் முடிவுகள் சில எதிர்பார்த்தவாறும், சில எதிர்பார்த்ததற்கு மாறாகவும் அமைந்தன. அம்முடிவுகளை ஒருங்கே வைத்து நோக்குமிடத்துப் புலனாகும் உண்மையை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குழந்தையின் உடலும் வீடும்

வளர்ந்தோர் வயலுக்கும் அலுவலகத்துக்கும் கடைக்கும் சென்று மீள்வர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோ இரவு பகலின் பெரும்பகுதியை வீட்டிலும் முற்றத்திலுமே கழிக்கின்றது. ஆகவே வீட்டின் குறைகள் யாவற்றையும் வீட்டிலுள்ளோர் அனைவரினும் மிகுதியாக நுகர்வது குழந்தையேயாம்.

அஃதன்றியும், குழந்தையின் உடலமைப்பு வளர்ந்தோரின் உடலமைப்பைச் சிறிதாக்கிய வடிவமன்று. அமைதியாயிருக்கும் வளர்ந்த ஒருவர் நிமிடமொன்றுக்குப் பன்னிரண்டு முதற் பதினெட்டு வரையான தடவை மூச்சுவிடுவர். கைக்குழந்தையோ முப்பது, நாற்பது தடவையும் அதற்கு மேலும் மூச்சுவிடும். உடல் நிறையோடு ஒப்பிட்டால் குழந்தை உள்ளிழுக்கும் வளி வளர்ந்தோருடையதினும் பன்மடங்காகும். வளியிலுள்ள நஞ்சும் அவ்வாறே. பிறந்த குழந்தையின் நிறையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீராகும். ஒருநாள் வயிற்றோட்டத்தால் வளர்ந்தவர் சோர்வடைவர். அதே வயிற்றோட்டத்தாற் கைக்குழந்தையின் உயிருக்கே இடர் நேரும். தவழுங் குழந்தை தரையிற் கண்ட யாவற்றையும் கையாலெடுத்து வாயிலிட்டே உலகை அறிகின்றது. அதன் அறிவு வளர்வதற்குரிய வழியே நோய் புகுவதற்குரிய வழியாகவும் அமைந்துவிடுகின்றது.

இன்னுமொன்று கருதத்தக்கது. நோய் வந்துபோன பின்னும் அதன் விளைவு எஞ்சிநிற்கும். வயிற்றோட்டங் கண்ட குழந்தை உண்ட உணவின் பயனை இழக்கின்றது. போசணை குன்றிய உடலில் அடுத்த நோய் எளிதிற் பற்றுகின்றது. அந்நோய் மேலும் போசணையைக் குறைக்கின்றது. இவ்வட்டத்தில் அகப்பட்ட குழந்தை இறவாது தப்பினும் உயரங் குன்றியும் கற்கும் ஆற்றல் குறைந்தும் பாடசாலைக்கு வருகின்றது. ஆசிரியர் சோம்பலெனக் கருதும் இயல்பு சிலவேளை இரத்தச்சோகையின் குறியாகவும் இருத்தல் கூடும்.

தரை

மண்தரையில் விழுந்த வட்டப்புழுவின் முட்டைகள் பல மாதங்கள் அழியாதிருந்து, கைவழியே வாயைச் சேர்வன. கொளுக்கிப்புழுவின் குடம்பியோ ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலினுட் புகுவது. குடலிற் குடிகொண்ட கொளுக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சுதலால் இரத்தச்சோகை உண்டாகின்றது. இலங்கையின் தோட்டப்புறங்களில் இந்நோய் மிகப் பரவியிருந்தமையால், அமெரிக்க நாட்டு றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு 1916 ஆம் ஆண்டளவில் கொளுக்கிப்புழு ஒழிப்பு வேலை இங்கு தொடங்கியது. மருந்து கொடுத்தவுடன் புழு நீங்கியது. ஆயின் மலசலகூடமற்ற இடங்களில் மண் முன்போலவே மாசடைந்திருந்தமையால், மருந்துண்டவர்கள் மீண்டும் நோயுற்றனர். மருந்தினால் மட்டும் இந்நோய் ஒழியாதென்னும் பாடத்தை இலங்கை அன்றே கற்றது.

தரையை மாற்றுவதால் விளையும் பயனை மெக்சிக்கோ நாட்டில் நடைபெற்ற ஒரு முயற்சி அளந்து காட்டியது. அந்நாட்டின் கொவாகுயிலா மாநில அரசு 2000 ஆம் ஆண்டில் மண்தரை வீடுகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களுக்கு ஐம்பது சதுர மீற்றர் வரையான சீமெந்துத் தரையை இலவசமாக அமைத்துக் கொடுக்கத் தொடங்கியது. வீடொன்றுக்கு ஆன செலவு ஏறக்குறைய 150 அமெரிக்க டொலர். அம்மாநிலத்து நகரமாகிய தொரெயோனுக்கு அயலில், மாநில எல்லைக்கு அப்பால், இத்திட்டத்தைப் பெறாத கோமெசு பலாசியோ, லேர்தோ என்னும் இரு நகரங்கள் உள. எல்லைக்கு இருபுறமும் வாழ்ந்த மக்கள் ஏனைய வகைகளில் ஒத்திருந்தமையால் இருசாராரையும் ஒப்பிடுதல் எளிதாயிற்று. 2005 ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டபோது, மண்தரை முற்றாகச் சீமெந்துத் தரையாக மாறிய வீடுகளில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் குடற்புழுத் தொற்று 78 வீதமும், வயிற்றோட்டம் 49 வீதமும், இரத்தச்சோகை 81 வீதமும் குறைந்திருக்கக் கண்டனர். குழந்தைகளின் மொழியறிவு முதலிய அறிவாற்றலும் உயர்ந்திருந்தது; தாய்மாரின் மனச்சோர்வுங் குறைந்திருந்தது.

இம்முடிவைக் கேட்டோர் சீமெந்து ஒன்றே போதுமென எண்ணிவிடலாகாது. அவ்வீடுகளுட் பெரும்பாலானவற்றுக்குக் குழாய்நீர் முன்னரே கிடைத்திருந்தது. ஏனைய வழிகள் ஓரளவு அடைபட்டிருந்த வீட்டில், எஞ்சியிருந்த பெருவழியாகிய தரையை அடைத்தபோது பயன் முழுமையாக வெளிப்பட்டது. இக்கருத்தை மனத்திலிருத்திக்கொண்டே அடுப்பினைப் பற்றி ஆராய்தல் வேண்டும்.

அடுப்பு

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைக் குடும்பங்களுள் முக்காற் பங்குக்கு மேற்பட்டவை விறகினாலேயே சமைத்தன. விறகு முழுதும் எரியாதவிடத்துக் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவும், கண்ணுக்குப் புலனாகா நுண்டுகளும் புகையிற் கலக்கின்றன. அத்துகள்கள் நுரையீரலின் உட்கிளைகள் வரை சென்று, நோய்க்கிருமிகளை வெளியேற்றும் இயற்கைக் காவலைக் குலைக்கின்றன. தாயின் இடுப்பிலோ அடுப்படிக்கு அருகிலுள்ள ஏணையிலோ கிடக்குங் குழந்தை, சமையல் முடியும்வரை இப்புகையையே உட்கொள்கின்றது.

குவாட்டமாலா நாட்டின் மலைப்புறத்தில் 2002 ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆராய்ச்சியில் 534 வீடுகள் சேர்ந்தன. குலுக்கல் முறையில் அவற்றுட் பாதிக்குப் புகைபோக்கியோடு கூடிய அடுப்புக் கொடுக்கப்பட்டது. மற்றைய பாதி திறந்த அடுப்பையே பயன்படுத்தின. புதிய அடுப்புள்ள வீடுகளிற் குழந்தைகள் உள்ளிழுத்த காபனோரொட்சைட்டு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. நியுமோனியா நோயின் மொத்தத் தொகையில் ஐயத்துக்கு இடமற்ற வேறுபாடு காணப்படாவிடினும், கடுமையான நியுமோனியா மூன்றிலொரு பங்கு குறைந்ததென 2011 ஆம் ஆண்டில் வெளியான முடிவு தெரிவித்தது.

இதனால் ஊக்கமுற்ற அறிஞர் ஆபிரிக்காவிலுள்ள மலாவி நாட்டிற் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு மேலும் பெரியதோர் ஆராய்ச்சி நடத்தினர். புகை குறைந்த அடுப்புகள் வழங்கப்பட்டன. ஆயின் 2016 ஆம் ஆண்டு முடிவு வெளியானபோது நியுமோனியா சற்றுங் குறைந்திலது. குப்பை எரித்த புகை, புகையிலைப் புகை, அயல்வீட்டு அடுப்பின் புகை ஆகியன முன்போலவே சூழ்ந்திருந்தன. இவற்றின் பின், விறகை முற்றாக விலக்கி எரிவாயு கொடுத்துப் பார்க்கும் முயற்சி குவாட்டமாலா, பெரு, றுவாண்டா, இந்தியா என்னும் நான்கு நாடுகளில் 3,200 கருவுற்ற தாய்மாரைக் கொண்டு நடைபெற்றது. இந்தியப் பகுதி ஆராய்ச்சி தமிழ்நாட்டுக் கிராமங்களிலேயே நிகழ்ந்தது. தாய்மார் உள்ளிழுத்த நுண்டுகளின் அளவு ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறைந்தது. அவ்வாறாகியும் குழந்தைகளின் கடுமையான நியுமோனியா குறைந்ததாக 2024 ஆம் ஆண்டு வெளியான முடிவு காட்டவில்லை.

இதனைக் கொண்டு புகை தீதன்றெனக் கூறுவாருமுளர். அது பிழை. புகையாற் பெண்களுக்கு நீடித்த மூச்சு நோயும், கண்ணிற் புரையும் உண்டாதல் பலவாறாக நிறுவப்பட்டுள்ளது. ஆயின் குழந்தையின் நியுமோனியாவுக்குப் புகை ஒன்றே காரணமன்று. போசணைக் குறைவு, தடுப்பூசியின்மை, இடநெருக்கடி, கிருமியின் வகை ஆகிய பலவும் ஒன்றுசேர்ந்தே அந்நோயை விளைவிக்கின்றன. பல கயிறுகளாற் கட்டுண்ட ஒருவரை ஒரு கயிற்றை மட்டும் அறுத்து விடுவித்தல் இயலாது. ஆயினும் அக்கயிறும் அறுக்கப்பட வேண்டியதே.

கிணறும் மலசலகூடமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. மழைநீர் சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகள் வழியே கீழிறங்கித் தேங்குகின்றது. அந்நீரையே கிணறுகள் தருகின்றன. மேலிருந்து விரைவாக நீரை உட்கொள்ளும் அதே பாறை, மலக்குழியின் கசிவையும் அவ்வாறே உட்கொள்கின்றது. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே ஐம்பதடி இடைவெளி வேண்டுமென்பது பொதுவாகக் கூறப்படும் விதி. நெருங்கிய மணலில் நீர் மெல்ல ஊறுங்கால் கிருமிகள் வடிகட்டப்படும். வெடிப்புள்ள பாறையிலோ நீர் வாய்க்காலில் ஓடுவது போல ஓடுதலால் அவ்விடைவெளியும் போதாமற் போதல் கூடும். காணிகள் பிரிந்து சிறுத்துச் செல்லுமிடத்து ஒருவர் தம் எல்லைக்குள் விதியைக் காத்தாலும், அவருடைய கிணற்றுக்கு மிக அணித்தாக அயலவருடைய மலக்குழி வேலிக்கப்பால் அமைந்துவிடும்.

நெருப்புக்காய்ச்சலையும் வயிற்றோட்டத்தையும் விளைவிக்குங் கிருமிகளை நீரைக் கொதிக்கவைத்து அழித்துவிடலாம். ஆயின் கொதிக்கவைத்தலால் நீங்காத மாசும் ஒன்றுண்டு. மலக்கசிவினாலும், தோட்டங்களில் அளவின்றி இடப்படும் பசளையினாலும் நீரிற் சேரும் நைத்திரேற்று, கொதிக்குந்தோறும் நீர் வற்றுதலால் மேலுஞ் செறிவடையும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்திற் கிணற்றுநீரிற் பால்மா கரைத்து ஊட்டப்பெற்ற கைக்குழந்தைகள் நீலநிறமடைந்து வாடியதை ஆராய்ந்து, நைத்திரேற்றே அதற்குக் காரணமென மருத்துவர் கொம்லி 1945 ஆம் ஆண்டில் வெளியிட்டார். குழந்தையின் உடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைக் கொண்டு செல்லும் ஆற்றலைக் கெடுக்கின்றது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலகச் சுகாதார நிறுவனம் விதித்த எல்லை. குடாநாட்டின் செம்மண் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லையைக் கடந்த அளவு பதிவாகியுள்ளது. முதல் ஆறு மாதமும் தாய்ப்பாலையன்றி வேறெதுவும் ஊட்டாத வீட்டிற் கைக்குழந்தை இவ்விடரிலிருந்து தப்புகின்றது. தாய்ப்பால் உணவாவதோடு, மாசுற்ற நீர் குழந்தையை அணுகாது தடுக்கும் வேலியாகவும் அமைகின்றது.

நீரையும் துப்புரவையுந் திருத்துவதன் பயனை அளவிட வங்காளதேசத்திலும் கென்யாவிலும் சிம்பாப்வேயிலும் பேராராய்ச்சிகள் நடந்தன. நீருக்குக் குளோரின், திருத்திய மலசலகூடம், கைகழுவும் வசதி, போசணையுணவு ஆகியவை தனித்தும் சேர்த்தும் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டன. முதலிரு நாடுகளின் முடிவுகள் 2018 ஆம் ஆண்டிலும், சிம்பாப்வேயின் முடிவு 2019 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. வங்காளதேசத்தில் மலசலகூடமும் கைகழுவுதலும் வயிற்றோட்டத்தை ஏறக்குறைய 40 வீதங் குறைத்தன. கென்யாவிலும் சிம்பாப்வேயிலும் அத்தகைய குறைவு காணப்படவில்லை. மூன்று நாடுகளிலும் நீரும் துப்புரவும் மட்டும் திருந்திய வீடுகளிற் குழந்தைகளின் உயரம் கூடவில்லை. போசணையுணவு பெற்ற குழந்தைகளே சிறிதளவு கூடுதலாக வளர்ந்தனர்.

இதற்குக் காரணமென ஆராய்ச்சியாளர் சுட்டுவனவற்றுள் இரண்டு இங்கு கருதத்தக்கன. ஒன்று, வங்காளதேசத்தில் ஊழியர்கள் மாதத்தில் ஆறு தடவையளவில் வீடுதேடிச் சென்று ஊக்கப்படுத்தினர். கென்யாவில் அத்துணை அடிக்கடி செல்லவில்லை. பொருளைக் கொடுப்பது வேறு, பழக்கத்தை வளர்ப்பது வேறு. மற்றையது, திருத்தம் தெரிந்தெடுத்த வீடுகளுக்கே கிடைத்தது. அவற்றைச் சூழ்ந்த ஊர் முன்போலவே இருந்தது. ஈயும் கோழியும் ஆடும் மழைவெள்ளமும் வேலியை மதிப்பனவல்ல. இலங்கையில் 2017 ஆம் ஆண்டில் 186,000 பேர் வரை டெங்குக் காய்ச்சலுக்கு உள்ளாயினர். அதனைப் பரப்பும் நுளம்பு ஒரு வீட்டின் பூச்சாடியிற் பிறந்து அடுத்த வீட்டுக் குழந்தையைக் கடிப்பது. ஆகவே ஒரு வீட்டின் சுகாதாரம் அவ்வீட்டார் கையில் மட்டும் அடங்கியதன்று.

படுக்கும் அறை

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1947 ஆம் ஆண்டு மே, யூன் மாதங்களிற் பிறந்த 1,142 குழந்தைகளைக் குழந்தை மருத்துவப் பேராசிரியர் சேர் யேம்சு இசுபென்சும் அவருடைய குழுவினரும் வீட்டிலேயே சென்று கண்டு, ஆண்டுதோறும் குறித்து வந்தனர். மருத்துவமனைக்கு வந்த குழந்தையை மட்டும் ஆராயாது, நகரத்துக் குழந்தைகளை அவரவர் வாழும் வீட்டில் வைத்தே ஆராய்ந்தமை அவ்வேலையின் சிறப்பாகும். சுவாச நோய்களே குழந்தைகளைப் பெரிதும் வருத்தியவை என்பதும், பலர் நெருங்கி வாழ்ந்த வீடுகளில் அந்நோய்கள் மிகுந்தன என்பதும் அதனாற் புலனாயின.

நெருக்கடி நோயின் தொகையையன்றி அதன் கடுமையையுங் கூட்டும் என்பது பின்னர் அறியப்பட்டது. மேற்காபிரிக்காவின் கினி பிசாவு நாட்டில் 1979 ஆம் ஆண்டிற் சின்னமுத்து பரவியபோது, தென்மார்க்கு நாட்டு ஆராய்ச்சியாளர் பீற்றர் ஆபி இறந்த குழந்தைகளின் வீட்டுநிலையை ஆராய்ந்தார். வெளியிலே தொற்றுப்பெற்று நோயை வீட்டுக்குக் கொணர்ந்த குழந்தையினும், அதே வீட்டில் அக்குழந்தையிடமிருந்து தொற்றுப்பெற்ற குழந்தைகளே மிகுதியாக இறந்தமையைக் கண்டார். தெருவிற் சற்றுநேரம் நோயாளியைக் கண்டவன் சிறிதளவு கிருமியையே ஏற்கின்றான். இரவு முழுதும் ஒரே பாயில் அருகே கிடப்பவனோ பெருமளவு கிருமியை ஏற்கின்றான் என்பதே அவர் கொண்ட விளக்கம். மெலிந்த குழந்தையே இறக்கும் என அதுவரை நிலவிய கருத்துக்கு இது மாறாக இருந்தது. தடுப்பூசி சின்னமுத்தைப் பெரிதுங் கட்டுப்படுத்திவிட்டது. எனினும் வீட்டினுள் மூச்சுவழி பரவும் ஏனைய நோய்களை நோக்குமிடத்தும் இக்கருத்து நினைவிற் கொள்ளத்தக்கதே. அறை பெரிதாக இல்லாவிடினும், எதிரெதிரே இரு சாளரங்கள் திறந்திருப்பின் கிருமியின் செறிவு குறையும். சாளரம் வைப்பதற்கு ஆகுஞ் செலவு மிகச் சிறிது. ஆயின் வீடு கட்டும்போதே அதனை எண்ணுதல் வேண்டும்.

வாடகையும் சோற்றுப்பானையும்

இவற்றையெல்லாம் ஒருங்கே திருத்திய புதுவீடொன்றை ஏழைக்குக் கொடுத்துவிட்டால் நோய் தீருமன்றோ எனச் சிலர் வினவுவர். இதற்கு விடையாக இங்கிலாந்தின் இசுட்டொக்கடன் ஒன் ரீசு என்னும் நகரில் நிகழ்ந்ததைக் கூறலாம். 1927 ஆம் ஆண்டில் அந்நகரின் சேரியொன்றிலிருந்து 152 குடும்பங்கள் மவுண்ட் பிளெசண்ட் என்னும் புதிய குடியிருப்புக்கு மாற்றப்பட்டன. நீர், காற்று, ஒளி, மலசலகூடம் யாவும் அங்கே செம்மையாயிருந்தன. அவ்வூர்ச் சுகாதார அதிகாரி மருத்துவர் மக்கொனிகிள் அடுத்த ஐந்தாண்டுக் கணக்கை ஆராய்ந்தபோது பெரிதும் வியந்தார். புதுவீடுகளிற் குடியேறியோரின் மரணவீதம் முன்னையதினும் உயர்ந்திருந்தது. பழஞ்சேரியில் எஞ்சியிருந்தோரின் மரணவீதமோ அவ்வாறு உயரவில்லை.

காரணத்தை ஆராய்ந்தபோது, புதுவீட்டின் வாடகை பழைய வாடகையின் ஏறக்குறைய இருமடங்கென்பதும், வேலையற்றிருந்த அக்குடும்பங்கள் வாடகையைக் கொடுத்தபின் உணவுக்கெனக் கையிலிருந்த பணம் மிகக் குறைந்ததென்பதும் வெளியாயின. வீடு உயர்ந்தது, பானை தாழ்ந்தது. மலசலகூடத்தையும் சாளரத்தையும் பெற்ற குடும்பம் பாலையும் முட்டையையும் இழந்தது. அவர் 1936 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இவ்வுண்மையை உலகறியச் செய்தது. வீட்டின் குறைகளைப் பற்றிப் பேசுவோர் அவ்வீட்டின் வருவாயைப் பற்றிப் பேசாது விடுதல் ஆகாது.

இலங்கையின் அனுபவம்

மேற்கூறியவை யாவும் இலங்கையிலும் காணத்தக்கனவே. 1926 ஆம் ஆண்டிற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது. மருத்துவமனையிற் காத்திராமல், மருத்துவமாதும் சுகாதார பரிசோதகரும் வீடுதோறுஞ் செல்லும் முறை அங்கிருந்து நாடெங்கும் பரவிற்று. மலேரியாக் கொள்ளைநோய் வாட்டிய 1935 ஆம் ஆண்டிற் பிறந்த ஆயிரங் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 1946 இல் இத்தொகை 141 ஆகவும், 1950 இல் 82 ஆகவும் குறைந்தது. 2010 ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட காலத்தில் ஆயிரத்துக்குப் பத்துக்குங் கீழாயிற்று. இக்குறைவை ஒரு காரணத்தின்மேல் ஏற்றுதல் பொருந்தாது. நுளம்பொழிப்பு, இலவச மருத்துவம், உணவுப் பங்கீடு, தாய்மாரின் கல்வி, மருத்துவமாதின் வருகை ஆகிய யாவும் ஒரே காலத்திற் செயற்பட்டன. செல்வம் மிகாத நாடொன்று இத்துணை முன்னேறியமைக்கு இவ்வொருங்கிணைவே காரணமாகும்.

இவை ஒருங்கே சென்றெய்தாத இடத்தையும் நோக்குதல் வேண்டும். மலையகத் தோட்டங்களில் வெள்ளையர் காலத்திற் கட்டப்பட்ட லயங்களிற் குடும்பமொன்றுக்குக் கிடைத்தது பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதான ஓரறையும், அதன்முன் ஒரு சிறு திண்ணையுமே. அடுப்பும் படுக்கையும் குழந்தையும் ஓரிடத்தே. நீர்க்குழாயும் மலசலகூடமும் பலருக்குப் பொது. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, லயங்கள் அவ்வாறேயிருக்கத் தோட்டப்புறக் குழந்தைகளின் மரணம் பெருகியது; பானை வெறுமையாகுமிடத்து வீட்டின் ஏனைய குறைகள் யாவும் கூர்மையடையும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும். 2016 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரமற்றவர் ஏறக்குறைய 17 வீதத்தினர். தோட்டப்புறத்திலோ 32 வீதத்தினர். நாட்டின் சராசரி உயர்வைக் கூறிப் பெருமையடைவோர் அச்சராசரியின் பின்னே மறைந்து நிற்குங் குழந்தைகளை மறத்தலாகாது.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. குழந்தைக்கு நோய் புகும் வழிகள் பல. அவற்றுள் ஒன்றை அடைத்தாற் கிடைக்கும் பயன், ஏனையவை எவ்வளவு திறந்துள்ளன என்பதைப் பொறுத்தது. இது முதலாவது. ஒரு வீட்டின் தூய்மை அயல்வீட்டின் தூய்மையின்றி நிலைபெறாது. இஃது இரண்டாவது. வீட்டைத் திருத்துதல் உணவைக் குறைப்பதாக அமையுமாயின் நன்மையே தீமையாகும். இது மூன்றாவது.

இவ்வுண்மைகளை உணர்ந்தோர், குழந்தை நோயுற்றபோதெல்லாந் தாயின் கவனக்குறைவே காரணமென எளிதாகப் பழிகூறார். தண்ணீரைக் கொதிக்கவைக்கத் தாயினால் இயலும். நைத்திரேற்றை நீக்க அவளால் இயலாது. முற்றத்தைப் பெருக்க இயலும். அயற்காணியின் மலக்குழியை அகற்ற இயலாது. குழந்தையை அடுப்படியினின்று அப்பால் கிடத்த இயலும். ஓரறை வீட்டில் அப்பால் என்பதோர் இடமில்லை. அவளால் இயல்வனவற்றை அவளுக்கு எடுத்துரைப்பது கற்றோர் கடன். அவளால் இயலாதனவற்றைச் செய்துகொடுப்பது ஊரினதும் உள்ளூராட்சி மன்றத்தினதும் அரசினதும் கடன்.

கல்லூரிகளுக்கும் இதிற் பங்குண்டு. உயிரியல் கற்கும் மாணவர் கொளுக்கிப்புழுவின் வாழ்க்கை வட்டத்தை வரைந்து புள்ளிபெறுவதோடு அமையாது, தம் ஊரின் கிணறுகளுக்கும் மலக்குழிகளுக்கும் இடையேயுள்ள தூரத்தை அளந்து படமாக வரையலாம். இரசாயனங் கற்போர் அந்நீரின் நைத்திரேற்றைச் சோதிக்கலாம். புவியியல் கற்போர் மழைநீர் செல்லும் வழியைக் குறிக்கலாம். இவை ஒன்றுசேருமிடத்து ஊராட்சி மன்றத்தின் முன் வைக்கத்தக்க சான்று உருவாகும். பழைய மாணவருள் வீடு கட்டுவோரும், கட்டுவிப்போரும், வாடகைக்கு விடுவோரும் பலராவர். வாசலுக்கு எத்தகைய கதவு, கூரைக்கு எத்தகைய ஓடு என ஆராயும் வேளையில், இவ்வீட்டின் தரையில் ஒரு குழந்தை தவழுமே, இவ்வடுப்பின் புகை எங்கே செல்லும், இக்கிணற்றின் நீர் எங்கிருந்து வரும் என்னும் வினாக்களையும் அவர்கள் எழுப்புவாராயின், மருத்துவமனைகளின் சுமை ஓரளவேனுங் குறையும். கல்வி பயிலும் வலிமையோடு குழந்தைகள் பாடசாலைக்கு வருவர்.